ஹலீமாவுக்குத் தனித் தட்டு

சிங்கப்பூர், 10-7-62, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். ஜாலான் புசாரிலிருந்து நடந்தே மதரஸா. குடைக்கம்பி உடைந்தது, மாற்ற வேண்டும்.

விடுதிப் பெண்பிள்ளைகளுக்கு இங்கிலீஷ், மூன்றாவது வாரம். வகுப்பு முடிந்ததும் வரிசையாக வந்து என் கையை உதட்டில் ஒற்றி முத்தி செய்கிறார்கள், கோயிலில் நாங்கள் பிஷப் ஆண்டவர் மோதிரத்துக்குச் செய்வது போல. முதலில் கூச்சம். இப்போது யார் வரவில்லை என்று பார்க்கிறேன்!

வார்டன் லீவு. மதியச் சாப்பாடு என் பொறுப்பு. நாலு பேருக்கு ஒரு பெரிய தட்டு, சகன் என்கிறார்கள். நாலாவது ஆள் உட்காராமல் யாரும் கை வைப்பதில்லை. ஏனாம்? "அப்படித்தான் டீச்சர்."

ஹலீமாவும் ஜைனபும் ரிப்பனுக்காகச் சண்டை. ஒரே சகனில் ஆளுக்கொரு பக்கம் முகம். நல்லது செய்கிறேன் என்று ஹலீமாவுக்குத் தனித் தட்டில் போட்டுக் கொடுத்தேன். கூடமே திரும்பிப் பார்த்தது. அவள் தொடவில்லை.

11-7, புதன்
ஹலீமா கைகொடுக்க வரவில்லை. பெட்டி கட்டிவிட்டாளாம். வெள்ளிக்கிழமை சுவா சூ காங்கிலிருந்து வாப்பா வந்தால் கூடவே போய்விடுவாளாம். பதினோரு வயது. வகுப்பில் நன்றாக வாசிப்பவள் அவள் ஒருத்திதான்.

ஜைனப் சொன்னாள்: "இங்க தனித் தட்டு சிரங்கு வந்தவங்களுக்குத்தான் லா, டீச்சர்."
"நீதானே அவளோட சண்டை போட்ட?"
"சண்டைதான். அதுக்காக அவ எங்க சகன் இல்லையா?"

புத்தி கெட்டவள் நான்.

12-7, வியாழன்
வெயில். ஹலீமாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல டீச்சர்." பார்வை தரையில். பெட்டியைப் பிரிக்கவில்லை. சமையலறையில் நின்றபடியே சாப்பிடுகிறாள். வார்டன்: "வாயால சொன்னாப் போதாதும்மா. கூட்டிட்டுப் போய்க் கூட உக்காருங்க."

13-7, வெள்ளி
அவர்கள் சகனில் ஒருத்திக்குக் காய்ச்சல். ஹலீமாவைக் கைபிடித்துக் கூட்டிப்போய், நாலாவதாக நானே உட்கார்ந்தேன். நெய்ச்சோறு. உட்காரத் தெரியாமல் முழங்கால் வலி.

ஹலீமா பெரிய ஆட்டுக்கறித் துண்டாக எடுத்து என் பக்கம் தள்ளினாள். ஜைனப் காதில்: "தின்னுங்க டீச்சர். கோவம் போச்சுன்னு அர்த்தம்."

வெள்ளிக்கிழமை! எனக்குச் சுத்தபோசனம். பிறந்ததிலிருந்து வெள்ளியன்று கறி தொட்டதில்லை. ஹலீமா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தின்றேன். அப்புறம்தான் அவள் சோற்றில் கை வைத்தாள்.

சாயங்காலம் ஹலீமாவின் வாப்பா வந்தார். அழுக்குத் துணியை மட்டும் கொடுத்தனுப்பினாள்.

14-7, சனி
மாலை, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லக் கோயிலுக்குப் போனேன், பாவசங்கீர்த்தனம். எனக்கு முன்னால் இரண்டு பேர். கறி தின்றதற்காக நின்றபடி மனம் வருந்தி மனஸ்தாபப்பட்டுப் பார்த்தேன். வரவில்லை. இன்னொரு துண்டு தள்ளினாலும் தின்பேன். அப்படி இருக்க, சாமியாரிடம் என்னவென்று சொல்வது? பின்னால் நின்ற அம்மாளுக்கு வழிவிட்டு, வரிசையிலிருந்து விலகி வெளியே வந்துவிட்டேன்.