வாலறுந்த ஃபைல்கள்

ஜூலை 6
இன்றைய சாதனை: அம்மாவின் கம்ப்யூட்டரில், 'இந்தப் பெட்டிக்குப் பசிக்கிறது. பிஸ்கட் போடவா?' என்று ஓர் எச்சரிக்கைப் பெட்டியைத் திரையில் வரவழைத்தேன். அம்மா படிக்கக்கூட இல்லை. 'ஆம்' என்று அமுக்கிவிட்டு வேலையைப் பார்த்தாள். போன வாரத்துப் பெட்டிக்காவது ஒரு திட்டு கிடைத்தது.

ஜூலை 8
வீடே இழவு வீடு. மருத்துவமனைக் கோட்டுகளில் டாக்டர்கள் பேரைத் தைக்கும் டிசைன்கள் பென்டிரைவில் இருக்கின்றன. அம்மா தொழில் நடத்தும் முன்னறையின் எம்பிராய்டரி மெஷின்களில் செருகினால் திரை காலி. அம்மா நேராக என்னிடம்தான் வந்தாள்.

"விளையாட்டு போதும்டி. எங்க ஒளிச்சு வெச்ச?"

"நான் தொடவே இல்லம்மா."

"நீ தொடாதது இந்த வீட்ல எது?"

நல்ல கேள்வி. ஆனால் நிஜமாகவே நான் இல்லை — இதை யாரிடம் போய்ச் சொல்ல?

ஜூலை 9
மருத்துவமனை சூப்பர்வைசர் ஃபோனில் கத்தியது அடுத்த அறைக்குக் கேட்டது. வெள்ளிக்குள் கோட்டு வராவிட்டால் வேறு கடை. இந்த ஆர்டர் போனால் மெஷின்களை விற்க வேண்டியதுதான் என்கிறாள் அம்மா. அண்ணன் என்னைப் பார்த்து, "என்ன, சிரிப்பு வருதா?" என்றான். வரவில்லை.

மாலை: கண்டுபிடித்துவிட்டேன். ஃபைல்கள் அங்கேயேதான் இருக்கின்றன. பேருக்குப் பின்னால் புள்ளி வைத்து வரும் மூன்றெழுத்தைக் காணோம். அந்த வாலைப் பார்த்துத்தான் அது டிசைன் என்று மெஷினுக்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் டாக்டர் பேர் வைக்கும்போது அம்மா மொத்தத்தையும் அழித்துவிட்டு அடித்திருக்கிறாள். வேறு பிரதியும் இல்லை. வீட்டில் எனக்கு வாலு என்று பேர். வால் இல்லாததற்கும் நான்தான் பொறுப்பா?

"மாத்தினா ஃபைல் கெட்டுடும்னு ஒரு பெட்டி வந்திருக்குமேம்மா?"

"வந்துச்சு. தினமும்தான் ஏதாவது வருது. உன் கைவரிசைன்னு நெனச்சு 'ஆம்' போட்டேன்."

நான் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

ஜூலை 10
வாலை ஒட்டினால் தீர்ந்தது என்று நினைத்தேன். எங்கே! பழைய மெஷினுக்கு ஒரு வால், புதியதற்கு வேறு வால். இரண்டு வகையும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. மாற்றி ஒட்டினால் ஊசி துணியைக் குதறிவிடும். ஒவ்வொன்றாக வால் மாட்டி, கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கிறேன். எழுத்து தெரிந்தால் சரி. நூல்சிக்கு மாதிரி கோடுகள் வந்தால் தப்பு. பள்ளிக்கூடம் போகவில்லை. கண் எரிகிறது. முடியாவிட்டால்? முடியாவிட்டால் என்ன செய்வேன் நான்?

ஜூலை 11
பாதிகூட ஆகவில்லை.

ஜூலை 12
பாதிக் கோட்டுதான் கொடுக்க முடிந்தது. மீதியை சூப்பர்வைசர் வேறு கடைக்கு அனுப்பிவிட்டார். அம்மா திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

ஜூலை 15
ஒரு புரோகிராம் எழுதினேன். இதில் பேர் மாற்றும் கட்டத்துக்குள் பேர் மட்டுமே வரும். வால் வெளியே சாம்பல் நிறத்தில் நிற்கும்; தொட முடியாது. அம்மா எல்லாவற்றையும் அழித்துப் பார்த்தாள். வால் அசையவில்லை. "கல்லு மாதிரி நிக்குதே" என்றாள். என்னிடம் இல்லை, திரையிடம்.

ஜூலை 19
சூப்பர்வைசர் ஒரே ஒரு கோட்டு அனுப்பியிருக்கிறார். தலைமை டாக்டருடையது. இது சரியாக வந்தால் பார்க்கலாம் என்றாராம். அம்மா புது டிசைனுக்கு என் கட்டத்தில் பேர் வைத்தாள்.

"இதுல ஏதாச்சும் விளையாட்டு வெச்சிருக்கியா?"

"இல்லம்மா."

என் முகத்தைப் பார்த்தாள். எந்தப் புது டிசைனையும் முதலில் கழிவுத் துணியில் ஓட்டிப் பார்ப்பது அவள் வழக்கம். இன்று டாக்டர் கோட்டையே ஃப்ரேமில் மாட்டி, பொத்தானை அமுக்கினாள்.