மேனேஜருக்குக் கட்டிய கண்ணாடி வீடு

மார்ச் 4, புதன்

வங்கிக் கட்டடத்தில் மூன்றாம் மாடி ஜன்னல்களுக்குக் கண்ணாடி போட்டேன். இரண்டாம் மாடிதான். ஆனால் நான் ஏறி இறங்கிய கணக்கைப் பார்த்தால் மூன்று என்று எழுதுவதில் தப்பில்லை. ஒரு கண்ணாடி நழுவப் பார்த்தது. ஒற்றைக் கையால் பிடித்தேன். கீழே நின்ற காவலாளி கைதட்டினார். கையில் டீ இல்லாமல் இருந்திருந்தால் கட்டாயம் தட்டியிருப்பார்.

வீட்டுக்கு வந்தால் சின்னவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என் அக்காவின் இளைய மகள். படிக்க வந்தவள், சில வருஷமாக எங்கள் மாடி அறையில்தான் குடியிருப்பு. இப்போது வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியவள் ஏன் இப்படி என்று கேட்டால் — தவளையாம். அவள் வளர்க்கும் பச்சை மரத்தவளையைப் புது விடுதியில் விடமாட்டார்களாம். வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுக்கப் போகிறாள்.

"கடைக்கு எதுக்கு? மாமா நான் இருக்கேன்ல."

"இப்ப இருக்கிற டப்பா அதுக்குப் பத்தல மாமா. நல்ல வீடா வேணும். அதுல அது ஒழுங்கா சாப்பிட்டு, ஒழுங்கா இருக்கிறதை என் கண்ணால பார்த்தாத்தான் விட்டுட்டுப் போவேன்."

வீடா? யாரிடம் கேட்கிறாள்? இந்த ஊரில் பாதி வீடுகளுக்குக் கண்ணாடி போட்டவன் நான். சரி, கால்வாசி.

மார்ச் 5, வியாழன்

இதை எனக்காக எழுதி வைக்கிறேன்: தவளை போகக்கூடாது.

சின்னவள் போவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு நான் கதை சொன்னால் கடைசிவரை கேட்பவள் அவள் ஒருத்திதான். என் வீட்டுக்காரி இருக்கிறாளே, பாதியிலேயே கத்தரிக்கோலை நீட்டிவிடுவாள். "போன தடவை நாய்னு சொன்னீங்க, இப்ப சிறுத்தையாயிடுச்சா?" என்பாள். தையல் வேலை செய்கிறவள், எதையும் வெட்டித்தான் பழக்கம்.

தவளை வெட்டாது. மேசைமேல் டப்பாவில் இருந்தபடி, பாதிக் கண்ணை மூடிக்கொண்டு, தொண்டையை மட்டும் அசைத்துக்கொண்டு கேட்கும். வேலை எதுவும் செய்யாமல் எல்லாம் தெரிந்த முகம். அதனால்தான் மேனேஜர் என்று பெயர் வைத்தேன். வங்கியில் ஒருவர் அப்படியே இருக்கிறார்.

மார்ச் 7, சனி

சின்னவள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு வர ஊருக்குப் போனாள். போகும்முன் வாசலில் நின்று வரிசையாகச் சொன்னாள். மரம் ஏறும் ஜாதி, அதனால் அகலத்தைவிட உயரம் முக்கியம். தரையில் தேங்காய் நார்த்தூள். ஏற ஒரு கிளை, ஒளிய இலை. சின்னக் கூழாங்கல் போடக்கூடாது, இரையோடு சேர்த்து விழுங்கிவிடும். கையை நனைக்காமல் தொடக்கூடாது. உள்ளே ஈரம் தங்க வேண்டும். இன்னும் ஏதோ சொன்னாள். பஸ் நேரமாகிவிட்டதால் நான் பெட்டியைத் தூக்கிவிட்டேன்.

ஈரம் தங்கவேண்டுமாம். என் வேலையில் காற்றே தங்கும்.

மத்தியானமே கண்ணாடி வெட்டினேன். எட்டாம் வகுப்போடு நின்றது என் படிப்புதான், கை நிற்கவில்லை. ஒரே கீறல், ஒரே தட்டு, ரொட்டி மாதிரி பிளந்தது. பூஞ்சை மருந்து கலக்காத வெறும் சிலிக்கான் பசை வைத்தேன். குளியலறைக்குப் போடுவது தவளைக்கு ஆகாது என்று சின்னவள் தாளில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறாள், அது இல்லாமலும் எனக்குத் தெரியும். (தெரியாது.)

வீட்டுக்காரி வந்து பார்த்துவிட்டு, "நமக்கே இந்த வீட்ல ரெண்டு ஜன்னல் சரியா மூடாது, தவளைக்குப் பாருங்க," என்று போய்விட்டாள்.

மார்ச் 10, செவ்வாய்

பசையின் புளித்த வாடை போய்விட்டது. வீட்டுக்காரியைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னேன். "உங்க சட்டையைவிட நல்லா இருக்கு," என்றாள். சான்றிதழ்தானே அது?

கிளையைக் கொதிநீரில் போட்டு எடுத்துக் காயவைத்தேன். மணி பிளாண்ட் ஒரு கொடி நட்டேன். கிண்ணத்துத் தண்ணீரில் குளோரின் போக்கும் சொட்டு விட்டேன். ஒரு பக்கம் ஈரத்தைக் காட்டும் குட்டி மீட்டர். மேலே மூடிக்கு ரப்பர் பட்டை சுற்றினேன். ஏசி போட்ட ஆபீஸ்களுக்கு வைக்கிற அதே பட்டை.

பிறகு என் சோதனை. வேலை முடித்த ஒவ்வொரு ஜன்னலிலும் செய்வது: இடுக்கு ஓரமாக ஒரு நூலைத் தொங்கவிட்டு, மின்விசிறியை முழு வேகத்தில் வைப்பேன். நூல் ஆடினால் வேலை சரியில்லை. என் வேனிலேயே எழுதியிருக்கிறேன், 'எங்கள் வேலையில் காற்றுகூட நுழையாது' என்று.

நூல் ஆடவில்லை. கல்யாண போட்டோவில் மாப்பிள்ளை நிற்பதுபோல நின்றது.

மார்ச் 11, புதன்

மேனேஜர் இன்று புது ஆபீசுக்கு மாறினார்.

மார்ச் 13, வெள்ளி

கண்ணாடி முழுக்கப் பனி. மேனேஜர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. மீட்டர் முள் கடைசிக்கோட்டில். ஈரம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்! கண்ணாடி வாங்க வந்த ஒரு மேஸ்திரியை உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "உள்ள என்ன இருக்கு?" என்றார். "மழைக்காடு," என்றேன்.

வீட்டுக்காரி மட்டும், "யாரோ வெந்நீர்ல குளிச்சிட்டு வந்த ரூம் மாதிரி இருக்கு. எனக்கு சரியாப் படல," என்றாள். அவளுக்கு எதுதான் சரியாகப் பட்டது?

மார்ச் 15, ஞாயிறு

மேனேஜர் பச்சையாக இல்லை.

மூடியைத் திறந்ததும் ஊறின கோணிப்பை வாடை அடித்தது. கிளையில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி பூஞ்சை. மேனேஜர் மேல் மூலையில், மூடிக்கு ஒட்டி, பழுப்பு நிறத்தில் — என்னப்பா இது, என்ன ஆச்சு உனக்கு? போட்ட வெட்டுக்கிளி அப்படியே நடமாடிக்கொண்டிருக்கிறது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேனாவை மேசையில் தட்டித் தட்டி எழுதுகிறேன், ஓட மாட்டேங்குது. நல்லாத்தானே பண்ணேன். என் கையால பண்ணதுல எது கெட்டுப்போச்சு இதுவரைக்கும்?

சின்னவளுக்குப் போன் போட்டேன். முதலில் எல்லாம் பிரமாதம் என்றேன். பிறகு நிறத்தைச் சொன்னேன்.

"மாமா, மூடி எதால பண்ணீங்க?"

"கண்ணாடி. ரப்பர் பட்டையோட."

"வேற எங்கேயாவது காத்து வர வழி வெச்சீங்களா?"

"எதுக்கு வைக்கணும்? நூல்கூட ஆடல."

"அது ஜன்னல் இல்ல மாமா. அதுக்கு ஈரமும் வேணும், காத்தும் வேணும். அதைத்தான் வாசல்ல நின்னு சொன்னேன். உடனே பழைய டப்பாவுக்கு மாத்திடுங்க. நான் கடைக்காரர்கிட்ட சொல்லி வைக்கிறேன். நீங்க வருத்தப்படாதீங்க."

வருத்தமா? எனக்கா?

கையை நனைத்து அவனைத் தூக்கினேன். கனமே இல்லை. விரல் நுனியில் இருக்கும் குட்டித் தட்டுகளால் என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டான். டப்பாவுக்குள் விட்ட பிறகும் கொஞ்ச நேரம் விடவில்லை.

மார்ச் 16, திங்கள்

வங்கிக்குப் போகவில்லை. மிக அவசரமான கட்டடம் ஒன்று என்று சொல்லிவிட்டேன். பொய் இல்லை.

என் பசையை நானே பிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று இன்றுதான் தெரிந்தது. அவ்வளவு நல்ல பசை. பிளேடு வைத்து, இழுத்து, வேர்த்து வடிந்து, முன்கண்ணாடியை முழுசாக எடுத்தேன். அதன் அடியில் ஒரு பட்டை குறைத்து வெட்டினேன். கீழே அந்த இடைவெளியில் கம்பி வலை. மேல்மூடியில் பாதிக் கண்ணாடி, பாதி வலை. கீழே நுழைந்து மேலே போகட்டும் காற்று. இத்தனை வருஷத்தில் வேண்டுமென்றே இடைவெளி விட்டு ஒரு வேலை செய்தது இதுவே முதல். கை ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு தடவை தானாகவே பசைத் துப்பாக்கியை எடுத்தது.

வீட்டுக்காரி வந்து நின்றாள். ஏதாவது சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன். வலையின் ஓரத்தை விரலால் தடவினாள்.

"இது முள்ளு முள்ளா இருக்கு. தாவினா மூக்கு கிழியாதா?"

வலையை வாங்கிக்கொண்டு போனாள். சட்டைக்கு ஓரம் மடிப்பதுபோல நாலு பக்கமும் இரட்டையாக மடித்து, சுத்தியால் தட்டிப் பட்டையாக்கிக் கொண்டுவந்தாள். கன்னத்தில் தேய்த்துப் பார்த்தேன். கீறவில்லை. நன்றி என்று சொன்னால் என்ன நினைப்பாளோ என்று, "பரவாயில்லை," என்றேன்.

"பரவாயில்லையா?" என்று திருப்பிக் கேட்டாள்.

பிரமாதம் என்று திருத்திக்கொண்டேன்.

மார்ச் 18, புதன்

வாடை போயிற்று. உள்ளே நூல் கட்டித் தொங்கவிட்டேன். ஆடுது. நல்லா ஆடுது.

மார்ச் 19, வியாழன்

பச்சை!

நேற்று சாயங்காலம்தான் மேனேஜரைத் தொட்டிக்கு மாற்றினோம். கிளை புதிது, நார்த்தூள் புதிது, கண்ணாடியில் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தால் கொஞ்ச நேரத்தில் தெளிகிறது. இன்று இருட்டத் தொடங்கியதும் மணி பிளாண்ட் இலைக்குப் பின்னாலிருந்து ஒரு கண் வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு முழு மேனேஜரும், புதுச் சட்டை போட்டதுபோல் பச்சையாக. வெட்டுக்கிளியைப் பார்த்தார். நானும் வீட்டுக்காரியும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். ஒரு பாய்ச்சல் — இரண்டு முழம் இருக்கும். தொட்டியே அவ்வளவு உயரம் இல்லை என்கிறாள் வீட்டுக்காரி. அளந்தவள் மாதிரி. நான் பார்த்ததைத்தானே நான் எழுத முடியும்?

ரெண்டு கண்ணையும் உள்ளே அமுக்கி முழுங்கினான் பயல். நான் எழுந்து நின்றுவிட்டேன். கண்ணெல்லாம் தண்ணீர், தெளிக்கும் பாட்டில் பட்டுவிட்டது.

மார்ச் 21, சனி

சின்னவள் வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை, நேராகத் தொட்டி முன்னால் குந்தினாள். மூடியைத் திறந்து மோந்தாள். மீட்டரைப் பார்த்தாள். கிண்ணத்துத் தண்ணீரில் விரல் விட்டாள். வலை ஓரத்தைத் தடவினாள். வங்கியிலிருந்து வேலையைச் சரிபார்க்க இஞ்சினியர் வந்தபோதுகூட எனக்கு உள்ளங்கை இப்படி வேர்த்ததில்லை.

"இந்த ஓரம் யார் மடிச்சது?"

"உன் அத்தை," என்றேன். நான் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது.

இருட்டும்வரை அவள் அங்கேயே இருந்தாள். மேனேஜர் இறங்கி வந்தார், இரண்டு வெட்டுக்கிளி சாப்பிட்டார், கண்ணாடியில் வயிற்றை ஒட்டிக்கொண்டு அவளையே பார்த்தார். அவள் போனை எடுத்தாள். கடைக்காரரிடம், "அண்ணா, நான் கொண்டுவரல. வீட்லயே இருக்கட்டும்," என்று மட்டும் சொன்னாள்.

பிறகு என் பக்கம் திரும்பி, "மாமா, அந்தச் சிறுத்தைக் கதையை இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள்.

சொன்னேன். இந்தத் தடவை இரண்டு சிறுத்தை. வீட்டுக்காரி குறுக்கே பேசவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

பஸ் கிளம்பிவிட்டது. வந்து தண்ணீர் தெளித்தேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

வீட்டுக்காரியின் அண்ணன் இரண்டு நாள் வந்து தங்கச் சொல்லிப் பல தடவை கூப்பிட்டுவிட்டார். நேற்று கிளம்புவதாக இருந்தோம். "நீ போயிட்டு வா, எனக்கு வேலை நெருக்கடி," என்றேன். "நீங்க போங்க, எனக்குத் தைக்க ஏகப்பட்டது கிடக்கு," என்றாள். என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை. எங்கே கிடக்கிறது என்று நானும் கேட்கவில்லை. பெட்டியில் என் இரண்டு சட்டை, அவளுடைய இரண்டு சேலை, காலையிலிருந்து சாயங்காலம்வரை கூடத்தில் கிடந்தன. காலையில் தொட்டிக்குத் தண்ணீர் தெளித்தது நான், மாலையில் அவள்.

கடைசியில் அவளே போனை எடுத்தாள். "அண்ணா, வர முடியாது போல. இவருக்கு நல்ல காய்ச்சல். எழுந்திரிக்கவே முடியல," என்றாள். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

இருமினேன். என் ஆயுளிலேயே அப்படி ஓர் இருமல் இருமியதில்லை. மேனேஜர் இலைக்குப் பின்னால் போய்விட்டார்.