நாற்பது நாளுக்குக் கொடுத்தது

பாதர் நெற்றியில் போட்ட சாம்பல் சிலுவையைத் துடைக்காமல் அப்படியே வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். வெயிலில் நடந்து வந்ததில் வியர்வை பட்டு மூக்குவரைக்கும் கரைந்து இறங்கிவிட்டது. போன வருடத்துக் குருத்தோலை எரிந்த வாசனை. அந்த வாசனை வந்தால் அடுத்தாற்போல் உன் கையில் ரேடியோ இருக்க வேண்டும். சாம்பல் புதன் என்றால் நம் இருவருக்கும் அதுதானே.

பூசை முடிந்து கோயில் வாசல்படியில் வெகுநேரம் நின்றேன். எதற்கு நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. எல்லாரும் கார் எடுத்துக்கொண்டு போய், கோயில் வளாகம் காலியான பிறகுதான் உறைத்தது. கையில் என் தொப்பியை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். உன்னிடம் கொடுப்பதற்காக.

எனக்கு எழுதத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். கீழ்மாடி ஸ்டெல்லா டீச்சர் எழுதுகிறார், நான் சொல்கிறேன். தமிழ்ப்பள்ளியில் இருந்து ஓய்வுபெற்றவர், ஞாயிறு பூசையில் நமக்கு முன் வரிசையில் உட்கார்ந்து, நீ தப்பாகப் பாடினால் திரும்பிப் பார்ப்பாரே, அவரேதான். இன்று ஒருசந்தி நோன்பு முடிந்து கஞ்சி கொண்டுவந்தார். "வேணாம் டீச்சர்" என்றேன். "எப்பப் பாத்தாலும் வேணாம்தானா அண்ணே? வேற வார்த்தையே உங்க வீட்ல இல்லையா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை உன்னிடம் பேச உட்கார வைத்திருக்கிறது. ஏனென்றால் அதை முதலில் கேட்டவன் நீ.

எல்லாம் ஒரு கைக்கடிகாரத்தில் ஆரம்பித்தது. நாம் தொங்கானில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த காலம். கப்பலில் இருந்து கரைக்கு மூட்டை கொண்டுவரும் அந்தப் படகில் நேரம் பார்க்க என்ன இருக்கிறது? சங்கு ஊதினால் வேலை, மறுபடி ஊதினால் சாப்பாடு. நான் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வந்து, சட்டைக் கையை மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தேன். நீ மூட்டைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாய்.

"என்னடா, இது நேரம் பாக்கவா, நாலு பேரு பாக்கவா?"

"நாலு பேரு பாக்கத்தான் லா. அதுக்கென்ன இப்போ?"

"ஒண்ணுமில்ல. நாளைக்குச் சாம்பல் புதன். இறைச்சியை விடுறேன், சிகரெட்டை விடுறேன்னு எல்லாரும் சொல்றான். நீ இதை விடு. நாப்பது நாள் என்கிட்ட கிடக்கட்டும். ஈஸ்டர் காலைல உனக்கு வேணும்னா வந்து கேளு, தர்றேன். கேட்டு வந்தா அது தேவை. வரலைன்னா வெறும் ஆசை. ஆசையைத் தேவைப்பட்டவன் யாருக்காச்சும் கொடுத்துடுவோம்."

"அப்ப நீ என்ன கொடுப்பே?"

நீ யோசிக்கவே இல்லை. காலில் கிடந்த புது பூட்ஸைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு நடந்தாய். படகின் இரும்புத் தகடு வெயிலில் கொதித்தது. மறுநாளே வந்து நின்றாய். "டேய், இது தேவைடா! பாதம் வெந்துபோச்சு. நாப்பது நாள் கணக்கெல்லாம் இதுக்கு இல்ல, எடு!" அன்று சிரித்த சிரிப்பில் வேலை வாங்கும் மண்டோர் வந்து நம் இருவரையும் திட்டினான்.

ஈஸ்டர் வந்தது. பூசை முடிந்து இடியப்பம் சாப்பிட்டேன், உறங்கினேன், மாலையில் கடற்கரைக்குப் போனேன். கடிகாரம் நினைவிலேயே இல்லை. நீதான் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே ஆட்டினாய். பிறகு அது ஒரு கல்யாண மாப்பிள்ளை கைக்குப் போனது.

அதிலிருந்து வருடா வருடம் வாசல்படியில் மாற்றிக்கொண்டோம். ஒருவர் சாமானை மற்றவர் வைத்திருக்கலாம், எடுத்துப் புழங்கக் கூடாது. அது மட்டும்தான் சட்டம். என் குடையை நீ வாங்கி வைத்துக்கொண்ட வருடம், பங்குனி மாதத்தில் மழை வராது என்று சத்தியம் செய்தாய். கொட்டிய மழையில் உன் வீட்டு வாசலில் நனைந்த கோழியாக நான் நின்றபோது, கதவைத் திறந்து, "ஆசையா, தேவையா? சொல்லிட்டு உள்ள வா" என்றாய். அப்படிக் கேட்டுக் கேட்டு நம் இரண்டு வீட்டிலும் சாமான் குறைந்துகொண்டே போனது. குறைந்ததற்காக ஒருநாளும் நாம் அழுததில்லை. இரண்டு குவளை, இரண்டு தட்டு, படுக்க ஒரு பாய், ஆண்டவர் சொல்லிக்கொடுத்த ஜெபத்தில் கேட்கச் சொன்ன அன்றன்றைக்குள்ள சாப்பாடு. நம்மைப் பார்த்துப் பரிதாபப்பட்டவர்களைப் பார்த்து நமக்குச் சிரிப்பு வரும்.

உன் மனைவி போன பிறகு நீ அக்கரையில், பாகான் டாலாமில், மகன் வீட்டுக்குப் போய்விட்டாய். அந்த வருடத்தில் இருந்து நீ கொடுத்தது ரேடியோ மட்டும்தான். காதோரம் வைத்துக்கொண்டே உறங்குவாயே, அந்தச் சின்ன ரேடியோ. கொடுக்கும்போது உன் விரல் அதை விடாது. ஈஸ்டர் காலையில் முதல் பெர்ரியில் வந்து, பூசை முடிவதற்குள்ளேயே என் தோளைத் தட்டி, "ரேடியோ" என்று காதில் சொல்வாய். பாதர் பிரசங்கத்தில் இருப்பார். ஸ்டெல்லா டீச்சர் திரும்பிப் பார்ப்பார்.

(இதையும் எழுத வேண்டுமா என்று டீச்சர் கேட்கிறார். எழுதுங்கள் என்று சொல்லிவிட்டேன்.)

போன வருடம் வாசல்படியில் நீ ரேடியோவைக் கொடுத்துவிட்டு, என் கையைப் பார்த்தாய். நான் இந்தத் தொப்பியை நீட்டினேன்.

"இதென்னடா, ஓட்டைத் தொப்பி? உனக்கு ரொம்பப் பிடிச்சதைக் கொடு."

"எனக்கென்ன இருக்கு? நமக்குத்தான் ஒண்ணும் வேணாமே."

"அதான், அதைக் கொடு."

"எதை?"

"அந்த 'வேணாம்'. அதைத்தான் நீ நகை மாதிரி போட்டுக்கிட்டுத் திரியுறே. மக கேட்டா வேணாம், மருமகன் கேட்டா வேணாம், நான் கோப்பி வாங்கிக் கொடுத்தாக்கூட வேணாம். பழைய கடிகாரத்தை விட இதுக்குப் பளபளப்பு ஜாஸ்திடா."

நான் சிரித்துத் தட்டிவிட்டேன். நீயும் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, சட்டம் மீறி, பெர்ரித் துறைப்பக்கம் போய்விட்டாய்.

தவக்காலம் பாதி போயிருக்கும். உன் மகன் கூப்பிட்டான். "மாமா, அப்பாவுக்கு முடியல. உங்களை உடனே வரச் சொல்றாரு." நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நோயில் கிடக்கிறவனுக்கு ரேடியோ இல்லாமல் உறக்கம் வரவில்லை, கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு வரச் சொல்கிறான் என்று நினைத்தேன். அந்தப் பூட்ஸுக்குப் பிறகு இத்தனை வருடத்தில் முதல் தடவையாக நீ ஈஸ்டருக்கு முன்னால் தோற்றுப்போனாய் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு குறும்புகூட இருந்தது. ரேடியோவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பெர்ரியில் அக்கரைக்கு வந்தேன்.

நீ கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தாய். முகம் சின்னதாகிவிட்டிருந்தது. துண்டைப் பிரித்துத் தலைமாட்டில் வைத்தேன்.

"இதை எதுக்குடா தூக்கிட்டு வந்தே?"

"நீதானே கேட்டு விட்டே?"

"ரேடியோவை யாரு கேட்டா? அது ஆசை. நாப்பது நாள் பொறுக்கும். நான் உன்னைத்தான் வரச் சொன்னேன். இது பொறுக்காது." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாய். "உக்காரு. பேசாட்டியும் பரவால்ல. உக்காரு."

உட்கார்ந்தேன். பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தேன். நீ பாதி நேரம் உறங்கினாய். விழிக்கும்போதெல்லாம் நான் இருக்கிறேனா என்று பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாய். கிளம்பும்போது ரேடியோவைக் கண்ணால் காட்டி, "எடுத்துட்டுப் போ. ஈஸ்டர் இன்னும் வரல" என்றாய்.

ஈஸ்டருக்கு நீ இல்லை. கல்லறைத் தோட்டத்தில் உன் மகன் என் தொப்பியைத் திருப்பிக் கொடுத்தான். ரேடியோவைக் கொண்டுவரட்டுமா என்றதற்கு, "நீங்களே வச்சுக்குங்க மாமா" என்றான். அது அலமாரியில் மாதா படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒருநாளும் திருகிப் பார்க்கவில்லை. சொந்தக்காரன் வந்து கேட்கவில்லை என்றால் யாருக்காவது கொடுத்துவிட வேண்டும், அதுதான் சட்டம். கொடுக்க மனம் வரவில்லை.

இந்த ஒரு வருடத்தில் என் வீடு எப்படி ஆகிவிட்டது என்று உனக்குச் சொல்கிறேன். சோறு இருக்கிறது. மருந்து இருக்கிறது. படுக்கப் பாய் இருக்கிறது. கூரை ஒழுகவில்லை. குறை என்று ஆண்டவரிடம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் லிப்ட் என் மாடியில் நிற்கிற சத்தம் கேட்டால் எழுந்துபோய்க் கதவருகே நிற்கிறேன். காலடிச் சத்தம் பக்கத்து வீட்டுக்குள் போய்விடும். திரும்பி வந்து உட்காருவேன். சில நாள் காலையில் பேசிய முதல் வார்த்தை பசாரில் மீன்காரனிடம் பேசியதாக இருக்கும். சில நாள் அதுவும் இல்லை. இதற்கும் போதும் என்றுதான் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறு மகள் கோலாலம்பூரில் இருந்து கூப்பிட்டாள். எப்போதும் அவள்தான் கூப்பிடுவாள்.

"அப்பா, என்ன வேணும் உங்களுக்கு? சொல்லுங்க, அனுப்பி விடுறேன்."

"ஒண்ணும் வேணாம்மா."

"ஈஸ்டருக்கு ஈப்போவுல மாமியார் வீட்டுக்குக் கூப்பிடுறாங்கப்பா. பிள்ளைங்களும் கேக்குதுங்க. நீங்க தனியா இருந்துக்குவீங்களா, இல்ல நாங்க அங்க வரணுமா? இந்த வாரத்துக்குள்ள அவங்களுக்குச் சொல்லணும்."

"எனக்கென்னம்மா. நீங்க போங்க. நான் பாட்டுக்கு இருப்பேன்."

"நிச்சயமாவாப்பா?"

"வேணாம்மா. வீண் அலைச்சல்."

போனை வைத்துவிட்டு, பெரிய மனுஷன்போல நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகு சோறு இறங்கவில்லை.

நீ அந்தக் கட்டிலில் கிடந்துகொண்டு "உக்காரு" என்று கேட்டாயே, அதை இந்த மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நம் இருவரில் ஆசைகளை அதிகம் கழித்துக்கட்டியவன் நீதான். உனக்குக் கேட்கத் தெரிந்தது. வாய் கூசவில்லை. பூட்ஸைக் கேட்டு மறுநாளே வந்து நின்றவன் அல்லவா. நான் கடிகாரத்தை விட்டேன், குடையை விட்டேன், சிகரெட்டை விட்டேன். விட்டு விட்டு, விட்டதில் ஒரு பெருமை பிடித்துக்கொண்டது. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தேன், நீ சொன்ன மாதிரியே, நகைபோல.

இவ்வளவு சொல்லிவிட்டு டீச்சரை நிறுத்தச் சொன்னேன். மகள் தன் படத்தைப் போட்டு வைத்திருக்கிற இடத்தைக் கைப்பேசியில் அழுத்தினேன்.

"அப்பா? என்னப்பா ஆச்சு? விழுந்துட்டீங்களா?"

"இல்லம்மா."

"நெஞ்சு வலியா? டீச்சர் ஆன்ட்டி பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்காங்க. உடம்புக்கு ஒண்ணுமில்ல. நீ அவங்களுக்குச் சொல்லிட்டியா, ஈப்போவுக்கு வர்றேன்னு?"

"இன்னும் இல்ல. ஏம்ப்பா?"

ஸ்டெல்லா டீச்சர் எழுந்து ஜன்னல்பக்கம் போய் நின்றுகொண்டார்.

"நீ வரணும்மா. பிள்ளைங்களையும் கூட்டிட்டு. எனக்கு வேணும்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இன்னொரு வாட்டி சொல்லுங்கப்பா" என்றாள்.

சொன்னேன்.

டீச்சர் கஞ்சியைச் சூடுபண்ணிக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். குடிக்கப் போகிறேன். ஈஸ்டருக்குப் பேத்தி வந்தால் அலமாரியில் இருக்கிற ரேடியோவை நிச்சயம் திருகிப் பார்ப்பாள். தடுக்க மாட்டேன். அதுவரை அதை நான் வைத்திருக்கிறேன், துடைத்து, துண்டில் சுற்றி.

நீ போன வருடம் கேட்டதை இந்த வருடம் கொடுத்துவிட்டேன். என் 'வேணாம்' இனி உன்னிடம். ஈஸ்டர் காலையில் நான் அதைக் கேட்டு வரமாட்டேன், நீ காத்திருக்காதே.