தழும்பு விழாத துணி

ஜூன் 18, புதன்

மாடிப்படிக்குக் கீழே உடைந்த பெஞ்சுகள் கிடந்த இடத்தைக் காலி செய்து, ஒரு நாற்காலி போட்டு, கதவில் ‘அமைதி அறை’ என்று எழுதியிருக்கிறார்கள். அடங்காதவர்கள் அங்கே உட்கார்ந்து அடங்குவார்களாம். நடுவில் சாக்பீஸால் ஒரு ‘யாக’ சேர்த்தேன். அமைதியாக அறை. பி.டி. தனபால் சார் இருபது தோப்புக்கரணம் கொடுத்தார். வகுப்பே சிரித்தது. குணா மட்டும் அடுத்த பீரியடிலும் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஜூன் 26, வியாழன்

மணிச் சத்தம் குணாவுக்கு ஆகாது. காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான், குறுக்கே நின்றால் தள்ளுவான். இன்று குறுக்கே நின்றது தனபால் சார். மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய் அமைதி அறையில் போட்டார். சாயங்காலம் அவன் அம்மா மயிலாள் அக்கா வந்தார். எங்கள் அப்பாவின் பனியன் கம்பெனியில் துணியில் ஓட்டை பார்க்கும் செக்கிங் வேலை அவருக்கு. “கையெல்லாம் செவந்து கெடக்குதுங்க சார். கொஞ்சம் பதனமாப் புடிங்க.” அவ்வளவுதான் கேட்டார்.

ஜூன் 27

பி.டி. பீரியடில் சார் அதையே சொல்லிப் புலம்பினார். என் வாய் சும்மா இருக்குமா? “சார், எங்க கம்பெனி ரிப் துணில கட்டுங்க. பனியன் கழுத்துக்கு வெக்கிறது. எவ்வளவு இழுத்தாலும் நீளும், தழும்பே விழாது.” எல்லாரும் சிரித்தார்கள். குணாவும்தான்.

ஜூலை 3

விளையாட்டு விழாவில் மூணுகால் ஓட்டத்துக்கு என்று சார் ரிப் துணி கேட்டார். மெரூன் கலரில் இரண்டு மீட்டர் கொடுத்தேன்.

ஜூலை 9, புதன்

சாக்பீஸ் எடுக்கப் போனேன். அமைதி அறைக்கு வெளியே தாழ்ப்பாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் — குணா. இரண்டு கையும் நாற்காலிக் கையோடு கட்டியிருந்தது. மெரூன் கலர்.

கத்தவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் ஏதோ விளையாட்டுக் காட்டப்போகிறேன் என்று நினைத்திருப்பான்.

ஓடிவந்துவிட்டேன். ஒரு தாழ்ப்பாள். இழுத்தா வந்துரும். ஏன் இழுக்கல?

ஜூலை 11

குணா கன்னம் வீங்கி வந்தான். “அம்மா அடிச்சிருச்சு.” கட்டினார்கள் என்று வீட்டில் சொல்லியிருக்கிறான். அக்கா அவன் கையை டியூப்லைட்டில் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். துணியில் ஊசிமுனை ஓட்டையைக்கூடக் கண்டுபிடிக்கிற கண். கையில் ஒன்றுமே இல்லை. பொய் சொல்கிறான் என்று ஒரு அறை.

ஜூலை 13, ஞாயிறு

ஷிப்மென்ட் அவசரம், இன்றும் கம்பெனி உண்டு. அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

“ஓனர் கூப்புடறாருன்னு போன மாசம் என்னைய மூணு மாடி ஏற வெச்சவதான நீ? போ கண்ணு, வேலை கெடக்குது.”

“நெசம்ங்க அக்கா. வேணும்னா என்னையக் கட்டிப் பாருங்க.”

“ஓனர் புள்ளயக் கட்டறதா? நல்லா இருக்குது போ.”

ரிப் துண்டை எடுத்து என் கையை மேஜைக் காலோடு நானே கட்டி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டேன். அரை மணி நேரம். கை மரத்துவிட்டது. அவிழ்த்துவிட்டு செக்கிங் லைட்டுக்குக் கீழே நீட்டினேன். அக்கா பார்த்தார். கட்டை விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “அடிச்சுப்போட்டனே சாமி… சொன்னானே, அடிச்சுப்போட்டனே…”

குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போட்டது நான். பேசியது அக்கா.

ஜூலை 22, செவ்வாய்

விசாரணைக்கு இரண்டு பேர் வந்தார்கள். சார் அசரவே இல்லை. “துணி கொண்டுவந்தது இந்தப் புள்ளதானுங்க. யோசனையும் இவளுதுதான். ஏம்மா, இல்லையா?”

“ஆமாங்க.” வேறு என்ன சொல்ல முடியும்?

என்னைப் பற்றி வகுப்பில் விசாரித்ததற்கு, “தேஜு எப்பவுமே வெளையாடுவாளுங்க” என்றார்களாம். அவர்கள் எழுதிய தாளை எதிரே நின்று தலைகீழாகப் படித்தேன்: ‘மாணவியின் விளையாட்டுத்தனத்தால்.’

அப்பா கேட்டது ஒன்றுதான். “வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டயா?”

இருந்திருக்கணும். ஜூன் 27லயே.

ஆகஸ்ட் 4, திங்கள்

அறிவிப்புப் பலகையில் விதிமுறைகள் ஒட்டியிருக்கிறார்கள். யாரையும் கட்டக் கூடாது. அடிபடும் ஆபத்து இருந்தால் மட்டும் பிடிக்கலாம். தாழ்ப்பாள் கூடாது, கூடவே ஒரு பெரியவர் உட்கார வேண்டும், பத்து நிமிடத்துக்கு மேல் கூடாது, அன்றே வீட்டுக்குச் சொல்ல வேண்டும். எல்லாமே நல்ல விதி. அதற்கெல்லாம் மேலே முதல் விதி: மாணவர்கள் கயிறு, துணி கொண்டுவரக் கூடாது. தாளை ஒட்டியது தனபால் சார்.

குணாவின் டி.சி.யை அக்கா போன வாரமே வாங்கிவிட்டார். விதி அவனுக்கு. முறை மற்றவர்களுக்கு.

ஆகஸ்ட் 19

சாமளாபுரம் பஸ் ஸ்டாப்பில் அக்காவும் குணாவும். அரசுப் பள்ளிச் சீருடை, பெரிய சைஸ். அக்கா இப்போது வேறு கம்பெனி. கண்ணை மாறுகண்ணாக்கி, அவனுக்குப் பிடித்த கோமாளி முகத்தைக் காட்டினேன்.

இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

“தேஜுதாண்டா. ஒண்ணும் பண்ணாது கண்ணு” என்றார் அக்கா.

பஸ் வந்தது. கம்பியைப் பிடித்து ஏறுவதற்குக்கூட அவன் கையை எடுக்கவில்லை. அக்காதான் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.