ஐயர் கல்லறைக்குக் கிரானைட்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்தே தூறல். கொடியில் போட்ட சேலை இன்னும் ஈரம். முழங்கால் வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

எல்சாவிடமிருந்து மெயில். அடுத்த புதன்கிழமை வருகிறாள். டிக்கெட் போட்டாயிற்றாம். வாசித்ததும் அடுக்களைக்கும் முன்னறைக்கும் சும்மாவே நடந்தேன். வயசு அறுபத்து மூன்று, புத்தி பதினாறு.

பதிலில் எழுத வேண்டியவை:
– குடை, ரப்பர் செருப்பு. பூட்ஸ் வேண்டாம்.
– காரம் குறைத்துச் சமைக்கிறேன்.
– 'ஐயர்' என்றால் என்ன என்று கேட்டிருக்கிறாள். பாதிரியாரை இங்கே அப்படித்தான் சொல்வோம், வெள்ளைக்காரராக இருந்தாலும்.
– கல்லறைக் கல் பத்திரம்.

கிருபாபுரத்தில் அடக்கமாகியிருக்கும் மத்தேயஸ் ஐயர் அவளுடைய முன்னோர் ஒருவரின் தம்பி. ஊர் ருமேனியாவில், மலையடிவாரத்தில். பேச்சு மட்டும் ஜெர்மன். பல நூறு வருஷத்துக்கு முன் அங்கே போய்க் குடியேறிய சனம். வேதக்கோயிலைச் சுற்றிக் கோட்டை கட்டி, கோட்டைக் கோபுரத்தில் வீட்டுக்கு வீடு உப்புக்கண்டம் தொங்கவிட்டுப் பிழைத்தவர்கள். ஆட்சி மாறி எல்லை திறந்ததும் கூட்டம் கூட்டமாக ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள். இப்போது அந்த ஊரில் ஜெர்மன் பேசுகிறவர்களைக் கைவிரலில் எண்ணலாம். எல்சா ஒரு விரல்.

அவளுக்கு வேண்டியது ஐயர் கல்லறைக் கல்லின் கடைசி வரி. மேலே பேர், வருஷம், வசனம் எல்லாம் புத்தக ஜெர்மன். அடியில் ஒரே வரி மட்டும் அவர்கள் வீட்டுப் பேச்சில். அதில் தடவிப் பார்த்து நான் அனுப்பிய இரண்டு சொல்லை வைத்து அவள்தான் கண்டுபிடித்தாள். அந்தப் பேச்சை அவர்கள் எழுதுவது அபூர்வமாம். பள்ளிக்கூடம், கோயில் எல்லாவற்றுக்கும் புத்தக மொழி. சமையலுக்கும் சண்டைக்கும்தான் அது. கல்லில் வெட்டி அவள் பார்த்ததே இல்லையாம்.

மீதி வரி பாசிக்குள் கிடக்கிறது. சுரண்டினால் எழுத்து போய்விடும். வரட்டும், ஈரத்துணியால் பைய ஒற்றி எடுத்து, சாய்ந்த வெயிலில் அவளே வாசிக்கட்டும்.

நவம்பர் 5, புதன்

வெயில் தலைகாட்டியது. சேலை காய்ந்தது. தைலம் வாங்கினேன்.

கிருபாபுரம் சபைக் கமிட்டிச் செயலாளர் செல்வராஜ் அண்ணாச்சி போன் செய்தார். பாளையங்கோட்டையில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். நல்ல மனுஷன், யார் வீட்டில் சாவு, துட்டி என்றாலும் முதல் ஆளாக நிற்பார். போன ஞாயிறு நான் கோயிலில் பேசியதைப் பற்றித்தான்.

பேச்சு நன்றாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். "நமக்கு எழுத்து சொல்லித் தந்த மனுஷன்மேல் ஆடு ஏறி நிற்கிறது. அவர் வீட்டு ஆள் கடல் தாண்டி வரப்போகிறாள். என்ன முகத்தோடு நிற்போம்?" பெண்கள் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம்.

"டீச்சர், நீங்க ஒண்ணும் கவலப்படாதிய. ஐயர் கல்லறைய நாங்க பாத்துக்கிடுதோம். அந்த வெள்ளக்காரத் துரைச்சாணி வாற அன்னைக்கே ஊருக்கெல்லாம் அசனச் சாப்பாடும் வச்சிருவோம்."

முள்ளை வெட்டி, வேலி போட்டால் போதும் என்றேன். "அதெல்லாம் எங்க வேல டீச்சர்" என்றார். மனம் நிறைந்துபோயிற்று. முப்பது வருஷம் சரித்திரம் சொல்லிக்கொடுத்ததற்கு இப்போதாவது ஒரு ஊர் காதுகொடுத்ததே. ராத்திரி இரண்டு தோசை கூடுதல்.

நவம்பர் 8, சனி

மத்தியானம் போன். "வேல முடிஞ்சிட்டு டீச்சர். வந்து பாருங்க, சும்மா ஜொலிக்குது."

ஜொலிக்கிறதா. எது?

கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். பின்சீட்டில் யாரோ யாரையோ பற்றி: "அவன் கெட்டிக்காரன்னா, எல்லாத்தையும் வித்துட்டுப் போயிட்டாம்லா." தலைவலி. ஸ்ரீவைகுண்டம் ரோடு முழுக்கக் குழி.

கறுப்புக் கிரானைட். நாலு பக்கமும், மேலேயும். முகம் பார்க்கலாம். பார்த்தேன்.

"பழைய கல்லு எங்க அண்ணாச்சி?"

"அது மேடும் பள்ளமுமாக் கெடந்துச்சு டீச்சர். மேல பலகை உக்காராதுல்லா. ஒடச்சு அஸ்திவாரத்துக்குள்ளயே போட்டுட்டோம். ஐயரோட கல்லு வெளிய போயிரக் கூடாதுல்லா?"

எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார். அதுதான் தாங்கவில்லை. கேடு நினைத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். தன் கடையிலேயே உசந்த கல்லாகப் பார்த்து, மகனை விட்டே எழுத்து வெட்டச் சொல்லியிருக்கிறார். ஐயர் பேர் தமிழில். வசனம் தமிழில். கீழே: முன்முயற்சி, திருமதி ஜெயராணி டீச்சர். ஐயர் பேரும் என் பேரும் ஒரே அளவு எழுத்து.

"படம் ஏதும் எடுத்தியளா, ஒடைக்குமுன்ன?"

"என்னத்துக்கு டீச்சர்? பாசி புடிச்சுக் கெடந்துச்சு, பாக்க அசிங்கமா."

உட்கார இடம் தேடினேன். ஒரு அக்கா தண்ணீர் கொண்டுவந்தாள். டீச்சருக்கு சந்தோஷத்துல கண்ணு கலங்கிட்டு என்றாள்.

நவம்பர் 9, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். 

மேஸ்திரியிடம் போனில் கேட்டேன், கிரானைட்டை எடுத்துவிட்டுத் துண்டுகளைப் பொறுக்க முடியுமா என்று. "கான்கிரீட்டு எறுகிட்டும்மா. இனி கம்பிப்பாரை போட்டு ஒடச்சாலும் சல்லியாத்தான் வரும்."

நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் மழை, வெயில், ஆடு, மாடு, சீட்டு விளையாடுகிற பயல்கள். எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு கிடந்தது. நான் ஒரு நாள் வாயைத் திறந்தேன், ஒரு வாரம் தாங்கவில்லை. தவளை தன் வாயால் கெடும். இங்கே தவளைக்கு ஒன்றும் ஆகவில்லை, பேர் பொறித்து உட்கார்ந்திருக்கிறது.

பாசியை நானே போன மாசம் ஒற்றி எடுத்திருக்கலாம். அவளே முதலில் வாசிக்கட்டும் என்று விட்டேன். 

நவம்பர் 10, திங்கள்

எல்சாவுக்கு மெயில். எழுதினேன், அழித்தேன். எழுதினேன், அழித்தேன். 'வர வேண்டாம்' என்று ஒரு தடவை. நாளை விமானம் ஏறுகிறாள்.

சாப்பாடு: நேற்றைய ரசம். பாதிதான் இறங்கியது.

நவம்பர் 12, புதன்

மழை இல்லை. ரயில் ஜங்ஷனில் எல்சா. என்னைவிட உயரம், என் வயசுதான் இருக்கும். நரைத்த பின்னல். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள், நான் சொன்னேன் என்று.

வீட்டில் காப்பி கொடுத்துவிட்டுச் சொன்னேன். என் இங்கிலீஷ் அப்போது பார்த்துக் காலை வாரியது. கல் உடைந்துவிட்டது, உடைத்துவிட்டோம், என்னால்தான். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். ஜன்னலைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "போகலாமா?" என்றாள். அவ்வளவுதான்.

கிருபாபுரத்தில் ஊரே நின்றது. மாலை, சால்வை, டிரம்ஸ். பிள்ளைகள் அவள் பின்னலைத் தொட்டுப் பார்த்தன. செல்வராஜ் அண்ணாச்சி புது வேட்டி. கல்லறையைக் காட்டிவிட்டு என் பக்கம் குனிந்து, "எப்படி இருக்குன்னு கேளுங்க டீச்சர்."

கேட்டேன். அவள் கிரானைட்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு, "மிக அழகாக இருக்கிறது, இதைச் செய்தவருக்கு என் நன்றி" என்றாள். மொழிபெயர்த்தேன். அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அசனம். வீடு வீடாக வாங்கிச் சேர்த்த அரிசி, கோயில் பின்னறையில் மூட்டையாக இருந்தது. அதைப் பார்த்ததும் எல்சா தங்கள் கோபுரத்து உப்புக்கண்டத்தை நினைத்துச் சிரித்தாள். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து கையால் சாப்பிட்டாள். குழம்பு இலையை விட்டு ஓடியது. பரிமாறிய பெண்: "துரைச்சாணி நல்லாச் சாப்பிடுதாங்க, இன்னும் ரெண்டு கறித்துண்டு போடுட்டி."

திரும்பும் ஆட்டோவில் சொன்னாள். "எங்கள் ஊர்க் கல்லறையில் ஒரு கல்கூட உடையவில்லை, ஜெயா. எல்லாம் அப்படியே இருக்கிறது. எழுத்து ஒவ்வொன்றும் தெளிவு. உடைக்க ஆள் இல்லை."

எனக்கு ஆறுதலாகச் சொன்னாள் என்றுதான் நினைத்தேன். பிறகு அழ ஆரம்பித்தாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். அவளைத் தொடலாமா கூடாதா என்று தெரியவில்லை. பாலம் வரும்வரை அழுதாள்.

நவம்பர் 13, வியாழன்

எல்சா கிளம்பினாள். இட்லி கட்டிக்கொடுத்தேன்.

அதற்கு முன் சாப்பாட்டு மேஜையில் கண்ணை மூடச் சொன்னாள். "உன் விரலுக்கு ஞாபகம் இருக்கலாம், தடவிப் பார்." தடவினேன். முன்பு அனுப்பிய அதே இரண்டு சொல்தான் வந்தது. ஒன்று 'வீடு'. இன்னொன்று 'இல்லை'. நடுவில் என்ன? வீட்டுக்குத் திரும்பவே இல்லை என்றா? இதைவிட்டால் வேறு வீடு இல்லை என்றா? அவள் இரண்டையும் தன் பேச்சில் சொல்லிப் பார்த்தாள், மெதுவாக. இரண்டும் சரியாகத்தான் வருகிறதாம்.

ரயில் போனபிறகும் பிளாட்பாரத்தில் இருந்தேன். இனி அந்த வரி ஒருத்தருக்கும் தெரியாது. அவளுக்கும், எனக்கும், அந்த ஊருக்கும். எனக்குப் பிழைக்கவே பிடிக்கவில்லை என்று எழுதினால் மிகை. ஆனால் அதற்குப் பக்கத்தில்தான் ஏதோ.

நவம்பர் 17, திங்கள்

விடாத மழை. கரண்டு இல்லை. அடுக்களை ஒழுகுகிறது, சட்டி வைத்திருக்கிறேன்.

செல்வராஜ் அண்ணாச்சி போன்.

"டீச்சர், ஆத்தங்கரைப் பக்கம் முள்ளுக்காட்டுக்குள்ள இன்னொரு வெள்ளைக்காரக் கல்லறை கெடக்காம்லா. பயலுவ பாத்துட்டு வந்து சொல்லுதானுவ. கல்லு நெறைய எழுத்தாம். கமிட்டில எல்லாரும் அதையும் செஞ்சிருவோம்ங்காவ. நீங்க வந்து ஒரு வார்த்த பேசினாப் போதும். யாரு டீச்சர் அவரு? பெரிய ஆளா?"

எனக்குத் தெரியும். பாசி ஏறாத கல். பதினொரு வரி, ஒரு எழுத்து சிதையவில்லை.

"அது யாரோ சர்வே வேலைக்கு வந்தவன் அண்ணாச்சி," என்றேன். "குடிச்சே செத்தான்."

"அடச்சீ. அந்தச் சனியன் நமக்கு எதுக்கு? விட்டுருவோம்."

"ஆமா. விட்டுருங்க."

போனை வைத்தேன். காலராவில் ஊரே ஓடியபோது ஓடாமல் நின்று, நோயாளிகளைத் தூக்கிச் சுமந்து செத்த ஐயர் அவர். வருஷா வருஷம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், பிள்ளைகள் அழும். இனி குடிகாரராகவே கிடக்கட்டும். அந்த முள்ளை யாரும் வெட்டாமல் இருந்தால் போதும்.