ஆணியில் தொங்கிய மஞ்சள் பை

கல்கத்தா
3 நவம்பர் 1996

சௌபாக்யவதி மதுவந்திக்கு மாமா அநேக ஆசீர்வாதம்.

நானும் உன் ஆத்துக்காரன் சிவராமும் சௌக்கியம். நீ சிங்கப்பூர் போய்ச் சேர்ந்ததை உன் அப்பா ஃபோனில் சொன்னார். நீயே சொல்லியிருக்கலாம் என்று எனக்கு ஒரு குறை. சொல்லிவிட்டேன், இனி சொல்லமாட்டேன்.

காலையில் கார்ப்பரேஷன் குப்பை வண்டிக்காரன் விசில் ஊதினால் இப்போது நான்தான் வாளியோடு இறங்குகிறேன். மூன்று மாடி இறங்குவதற்குள் வண்டி அடுத்த சந்துக்குப் போய்விடுகிறது. நாம் பௌதி என்று கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளி அம்மா சிரிக்கிறாள். சிங்கப்பூர் மருமகளே ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டாளாம், எனக்கு முப்பது வருஷம் போதவில்லையாம்.

நீ வந்த புதிதில் சமையலறைச் சுவரையெல்லாம் தடவிப் பார்த்தது ஞாபகம் வருகிறது. உங்கள் ஊரில் சுவரில் ஒரு மூடியைத் திறந்து போட்டால் குப்பை பத்து மாடி கீழே போய்விடும் என்றாய். உன் அத்தை ஜகதா நம்பவே இல்லை. "அப்போ கீழ்மாடிக்காரா கதி?" என்று கேட்டாள். நீ தேங்காய் ஓட்டை, வண்டி போன பிறகு மத்தியான வேளையில் தெருமுனையில் வைத்துவிட்டு வர, பௌதி அதை உன்னையே திரும்ப எடுத்துவர வைத்தாளே, அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள் அவள். அவள் கண்ணை மூடி இரண்டு மாதம் ஆகிவிட்டது.

சிவராம் ஆஃபீஸ் போய் வருகிறான். பேச்சுதான் இல்லை. பொங்கலுக்குள் வந்துவிடு அம்மா.

ஆசீர்வாதங்களுடன்,
மாமா சுந்தரேசன்


சிங்கப்பூர்
24 நவம்பர் 1996

அன்புள்ள மாமாவுக்கு, நமஸ்காரம்.

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், அழுதேன். நடந்ததைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. நான் எழுதினால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்த மறுநாள். வீட்டில் ஒரு தூசி தங்கக்கூடாது என்று எல்லாவற்றையும் திரட்டிக்கொண்டு, விசில் சத்தம் வருவதற்கு முன்பே கீழே போய் நின்றேன். தெருவில் நான்தான் முதல் ஆள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கிய மஞ்சள் பையில் காய்ந்த பூ இருந்தது. அதையும் வண்டியில் கொட்டினேன். அது அத்தை கடைசியாகச் செய்த பூஜையின் நிர்மால்யம், கங்கையில் விடுவதற்காக வைத்திருந்தது என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் சாமிக்குப் போட்ட பூவும் அந்தச் சுவர்க் குழாயில்தான் போகும்.

உங்கள் பிள்ளை தெருமுனைக் குப்பைமேடு வரை ஓடினார். வெறும் கையால் கிளறினார். எல்லாம் மீன் செதிலோடு கலந்துபோயிருந்தது. திரும்பி வந்து, தெருவே பார்க்க, "அம்மாவைக் குப்பையில போட்டுட்டே. உன்னை இந்த வீட்டுக்குள்ள விட்டதே தப்பு" என்றார்.

முதலில் சொன்னது துக்கத்தில் வந்தது, மாமா. அதற்காக அவர் காலில் விழவும் தயார். இரண்டாவதாகச் சொன்னதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது என்று அவர் ஒரு வரி எழுதட்டும். அடுத்த விமானத்தில் வருகிறேன்.

உங்கள்
மதுவந்தி


கல்கத்தா
15 டிசம்பர் 1996

சௌபாக்யவதி மதுவந்திக்கு ஆசீர்வாதம்.

கடிதம் கிடைத்தது. சிவராமிடம் ஜாடையாகச் சொன்னேன். "வரட்டும், பேசிக்கலாம்" என்றான். அவன் மனசில் ஒன்றுமில்லை அம்மா. ரோஷம், அவ்வளவுதான். கோபத்தில் ஆயிரம் சொல்லுவோம், அதையெல்லாம் பிடித்துக்கொண்டு தொங்கினால் குடும்பம் நடத்த முடியுமா? நீதான் பெரிய மனசு பண்ண வேண்டும்.

இங்கே குளிர் வந்துவிட்டது. லேக் மார்க்கெட்டில் புது வெல்லம் வந்திருக்கிறது. நீ வந்தால் பாயசம் வைக்கலாம். நானும் அவனும் எதிரெதிரே உட்கார்ந்து ஹோட்டல் இட்லி சாப்பிடுவது பார்க்கச் சகிக்கவில்லை.

ஆசீர்வாதங்களுடன்,
மாமா சுந்தரேசன்


சிங்கப்பூர்
12 ஜனவரி 1997

அன்புள்ள மாமாவுக்கு,

புது வருஷத்தன்று நானே ஃபோன் பண்ணினேன். அவர்தான் எடுத்தார். என் குரலைக் கேட்டதும், "அப்பாவைக் கூப்பிடறேன்" என்று ரிசீவரைக் கீழே வைத்துவிட்டார். உங்களோடு நான் பேசியதெல்லாம் அதற்குப் பிறகுதான். உங்களிடம் அதைச் சொல்லவில்லை.

ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. பதில் சொல்ல மாதக் கடைசி வரை தவணை வாங்கியிருக்கிறேன். எதற்காக என்று உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் வா என்கிறீர்கள். நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் பெட்டியை எடுக்கத்தான் தோன்றுகிறது. ஆனால் நான் வந்து வாழ வேண்டியது உங்களோடு இல்லையே, மாமா.

மதுவந்தி


கல்கத்தா
2 பிப்ரவரி 1997

மதுவந்திக்கு,

தவணை முடிந்துவிட்டது, தெரியும். இது தாமதமாக வரும் கடிதம்.

உன் கடிதத்தை சிவராம் முன்னால் வைத்து, ஒரு வரி எழுதுடா என்றேன். ஜாடையாக இல்லை, சத்தமாகவே சொன்னேன். எழுதமாட்டேன் என்றான். அப்புறம் என்னைக் கேட்டான், "அன்னிக்கு நீங்களும் பால்கனியிலதானேப்பா நின்னுண்டிருந்தேள்? நான் சொன்னது தப்புன்னா அப்பவே சொல்லியிருக்கலாமே."

அன்று அவன் கத்தியபோது நீ மேலே நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். நான் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். அந்தப் பையை ஆணியில் மாட்டியதே நான்தான் மதுவந்தி. அது என்ன என்று உனக்குச் சொல்லத் தோன்றவில்லை. இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் உனக்கும் தெரிந்திருக்கும் என்று இருந்துவிட்டேன்.

அவன் எழுதமாட்டான். அதனால் நான் எழுதுகிறேன். அவன் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. நான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கவும் கூடாது. என் வரி உனக்கு எதற்கும் உதவாது என்பதும் தெரியும்.

வேலையில் சேர்ந்துவிட்டாய் என்று நினைக்கிறேன். அதுதான் சரி. இனி உன்னை வா என்று எழுதமாட்டேன். எனக்காகத்தான் இத்தனை நாள் அப்படி எழுதிக்கொண்டிருந்தேன்.

எப்போதாவது ஒரு கடிதம் போடு என்று கேட்க ஆசை. கேட்கலாமா என்றுதான் தெரியவில்லை.

சுந்தரேசன்