பத்துக்குப் பதினொன்று

3 நவம்பர் 2008, திங்கள்

விடியலிலிருந்து மழை. வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். நாவற்குடா முழுவதும் தவளைச் சத்தம்.

அண்ணன் பிக்கப்பை கராஜிலிருந்து கொண்டுவந்தான். பின் அச்சு வேறு. சுனாமியன்று கடல் இந்த வண்டியை இழுத்துப்போய்த் தென்னைகளுக்கிடையில் செருகியது. கழுவினோம், எண்ணெய் விட்டோம், உப்புப் போய்விட்டது என்று நினைத்தோம். போகவில்லை. நாலு வருடம் உள்ளே இருந்து அரித்து, போன கிழமை அச்சின் பற்சில்லு நொறுங்கிற்று.

கராஜ்கார சில்வஸ்டர் பாஸ் எங்கேயோ மலைநாட்டுப் பழைய வண்டியொன்றின் அச்சைத் தேடிப் பூட்டியிருக்கிறார். "ஏத்தத்துல யானை மாதிரி இழுக்கும் மனே. மட்டக்களப்புல ஏத்தம் எங்க இரிக்கெண்டு மட்டும் என்னட்டக் கேக்காத."

நாளை: நூலகப் புத்தகம் இரண்டு. அம்மாவின் பிறஷர் குளிசை. குடை தைக்க.

4, செவ்வாய்

மழை கொஞ்சம் விட்டது. அண்ணன் வழமைபோல் வாழைச்சேனைக்கு, மீன் ஏற்ற. திரும்பும்போது முகம் சரியில்லை.

எங்கள் சென்றியில், ஆமிக்காரர் காவல் நிற்கும் இடத்தில், ஒரு வழக்கம். வெளியே போகும் வண்டியின் மீற்றரைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவார்கள், வரும்போதும் எழுதுவார்கள். சொன்ன இடத்துக்குத்தான் போனாயா என்று பார்க்க. அண்ணனுக்கு எப்போதும் எழுபது. இன்று எழுபத்தேழு.

"மல்லி, ஏழு கிலோமீற்றர் எங்க போனது? கேர்ள் ஃபிரெண்டா?" சிரித்தானாம் அங்கே நிற்கும் பொடியன் ஆமிக்காரன். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

"மீற்றர் பிழை சேர்" என்று இவன். அவன் இன்னும் சிரித்தானாம். சிரித்துக்கொண்டே எழுதினானாம்.

5, புதன்

இன்றும் எழுபத்தேழு. சிரிக்கிறவன் இல்லை. வேறொருவன், தமிழ் தெரியாது. எழுதிவிட்டு அண்ணனின் முகத்தை வெகுநேரம் பார்த்தானாம்.

இரவு சாப்பாட்டுக்கு முன் அண்ணனும் நானும் கணக்குப் பார்த்தோம். மீற்றர் கேபிள் ஓடுவது கியர்பெட்டியிலிருந்து. அது எண்ணுவது அங்கிருந்து பின் அச்சுக்குப் போகும் நீளத் தண்டின் சுற்றை. பழைய அச்சில் சில்லு ஒருமுறை சுற்ற, தண்டு நாலுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றும். இந்த மலை அச்சில் நாலுக்கு மேல். ஆகவே பத்துக் கிலோமீற்றர் ஓடினால் பதினொன்று காட்டும். வேகமும் அப்படியே: அறுபது என்கிறது, மீன் லொறியெல்லாம் முந்திப்போகிறது.

மீற்றருக்குச் சில்லைத் தெரியாது. தெருவையும் தெரியாது. தண்டு சொன்னதை நம்பி, பொய்யென்று அறியாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. மனிதரிலும் இப்படி எத்தனை பேர்.

7, வெள்ளி

நேற்றுப் பின்னேரம் வாழைச்சேனைத் தெருவுக்கு உள்பக்கம், வட்டைக்குள், வயல் நடுவில், வெடிச்சத்தம். இரண்டு பேர் செத்துவிட்டார்களாம். யாரென்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. நூலகத்தில் பேப்பர் பார்க்க வருகிறவர்கள் பேப்பரை மட்டுமே பார்த்தார்கள். வெளியே சைக்கிள் எடுக்கும்போது ஒரு குரல்: "சுட்டவனுகள் பிக்கப்லதான் வந்தவனுகளாம்."

அண்ணன் நேற்றும் அந்தத் தெருவால்தான் வந்தான். இன்றும். நேற்று எழுபத்தேழு, இன்று எழுபத்தேழு.

தெருவிலிருந்து அந்த வயல்களுக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டேன். சட்டையைக் கொடியில் போட்டுக்கொண்டே சொன்னான்: மூன்றரை. சொன்ன பிறகுதான் அவனுக்கும் விளங்கிற்று. போக மூன்றரை. வர மூன்றரை.

அம்மா குசினிக்குள்ளிருந்து, "என்ன ரெண்டு பேரும் ஊமையாகித்தீங்க?"

8, சனி

வானம் வெளித்திருந்தது. காலையிலேயே கராஜுக்கு, நானும் கூட. கேபிளைக் கழற்றிவிட்டு ஓடச் சொன்னார் அங்கே நின்ற ஒருவர். அண்ணன், "கழட்டின கேபிளோட பிடிபட்டா நீங்களா வந்து நிப்பீங்க?" அவர் ரீ குடிக்கப் போய்விட்டார்.

பாஸ் கியர்பெட்டியின் பக்கத்திலிருந்து, கேபிளின் நுனியில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பற்சில்லைக் கழற்றினார். பல் கூடின ஒன்றைத் தேடிப் போட்டார். பல் கூடினால் கேபிள் மெதுவாகச் சுற்றும். அவ்வளவுதான்.

பிறகு கிலோமீற்றர் கல் எண்ணி ஓட்டிப் பார்த்தோம். நான் கல்லைப் பார்க்க, அவன் மீற்றரைப் பார்க்க. பத்துக் கல், பத்துக் கிலோமீற்றர். மயிரிழை பிசகில்லை. அண்ணன் ஹோர்ன் அடித்தான், தெருவில் நின்ற மாடு திரும்பிப் பார்த்தது. "பாத்தியா புள்ள, மாட்டுக்கும் சந்தோசம்." இந்தக் கிழமை அவன் சிரித்தது அப்போதுதான்.

வாவிப் பக்கம் நீர்க்காகங்கள். வரும்வழியில் பாண், பருப்பு.

10, திங்கள்

எழுபது.

அந்தத் தமிழ் தெரியாதவன் எழுபதை எழுதினான். நின்றான். கொப்பியைப் பின்னுக்குப் புரட்டினான். நாலு எழுபத்தேழுக்கும் விரலை வைத்து, உள்ளே பார்த்துத் தங்கள் பெரியவரை, அதிகாரியை, கூப்பிட்டான். பெரியவருக்கு நல்ல தமிழ்.

"தம்பி, போன கிழமை ஏழு கூட. இன்றைக்கு இல்லை. ஏன்?"

மீற்றர் பிழையாக இருந்தது, திருத்திவிட்டேன் என்றான் அண்ணன்.

"எப்போ திருத்தினது?"

"சனிக்கிழமை."

"வியாழக்கிழமை ஒரு பிரச்சினை. சனிக்கிழமை நீங்கள் மீற்றர் திருத்தினது." குரலை உயர்த்தவேயில்லையாம். அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார். புதன்கிழமை வண்டியோடு முகாமுக்கு. அவர்களே ஓட்டி, மீற்றரைச் சோதிப்பார்களாம்.

சோதித்தால் சரியாக இருக்கும். அதுதான் பயம். பிழையாக இருந்ததற்கு ஒரே சாட்சி அந்தப் பிழை. அதை நாங்களே கல் எண்ணி, ஹோர்ன் அடித்து அழித்தோம்.

11, செவ்வாய்

மழை. கழற்றின பழைய பிளாஸ்டிக் பற்சில்லைக் கேட்டுப் போனோம். அதைத் திரும்பப் பூட்டினால் எழுபத்தேழு காட்டும், அவர்கள் கண்ணாலேயே பார்க்கலாம். பாஸ் தலையில் கை வைத்தார். சனி பின்னேரமே யாரோ ஒரு வான்காரனுக்குப் பூட்டிவிட்டாராம். பெயர் தெரியாது. பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார். அந்தப் பல் எண்ணிக்கையில் வேறில்லை. "ஒண்டு கிடக்கு மனே. அதப் போட்டா எம்பதுக்கு மேல காட்டும்." யாரும் சிரிக்கவில்லை.

"நான் வந்து சொல்றன்" என்றார். உள்கதவில் அவருடைய மனைவி. வந்து நின்றாள். மகன் போய்த் திரும்பாத வீடு அது. அண்ணன்தான், "வேணாம் பாஸ், நானே சொல்லுவன்" என்றான்.

நான் ஒரு தாளில் கணக்கை எழுதினேன். அச்சு, தண்டு, பல். படித்தால் யாருக்கும் விளங்கும். படிப்பார்களா?

அம்மாவுக்கு, முகாமில் வண்டிப் பதிவு என்று சொல்லியிருக்கிறோம். நம்பினமாதிரி இருக்கிறாள்.

12, புதன்

அண்ணன் எட்டரைக்குப் போனான். முகம் மழித்து, வெள்ளைச் சட்டை. தாளைப் பொக்கற்றில் வைத்தேன். நானும் வாறன் என்றதற்கு, "நீ வரப்படாது. அம்மாவப் பாத்துக்க. போய்த்து வாறன்."

நூலகம் போகவில்லை. அரிசி ஊறப்போட்டேன், ஏனென்று தெரியவில்லை. ஒரு பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன். பிக்கப் சத்தம் போல இரண்டு தடவை. இரண்டும் வேறு.

பின்னேரம் உண்மையாகவே வந்தது. ஓட்டிவந்தவன் சிரிக்கிற அந்தப் பொடியன். பின்னால் மோட்டார் சைக்கிளில் இன்னொருவன், இவனை ஏற்றிப்போக. பிக்கப்பை வேலியோடு அணைத்துக் கவனமாக நிறுத்தினான்.

"மீற்றர் சரி அக்கா. சரியா எழுபது." நல்ல செய்தி சொல்வதுபோல.

அண்ணா எங்கே?

"பெரிய ஐயா கதைக்கிறது. வரும்."

எப்போது என்றேன். அவன் சட்டைப்பையைத் துழாவினான். சாவியை அம்மாவிடம் நீட்டினான். அம்மா கையை நீட்டவேயில்லை. நான் வாங்கினேன்.